பதிலுக்குக் காத்திருந்தவர்கள்: தென்னாப்பிரிக்கா, 1960



தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். 1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்ததிலிருந்து, 1994இல் எல்லா நிறத்தவரும் ஒரே வரிசையில் நின்று வாக்களித்தது வரை நாற்பத்தாறு ஆண்டுக் கதை அது. ஒரு மாலைப் பொழுதில் முழுவதையும் சொல்லப் போனால் தேதிகள்தான் மிஞ்சும். அதனால் ஒரே ஓர் ஆண்டை எடுத்துக்கொள்கிறேன்: 1960. அந்த ஆண்டு பிறந்தபோது அந்நாட்டின் கறுப்பின மக்கள் தங்கள் அரசிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மனுவாகக் கேட்டார்கள், ஊர்வலமாகக் கேட்டார்கள், சிறைக்குப் போயும் கேட்டார்கள். ஆண்டு முடிந்தபோது கேட்பதற்கு ஓர் இடமே இல்லாமல் போயிருந்தது. எப்படி அப்படிப் போயிற்று என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். படிக்கிற புத்தகம் அல்ல. பதினாறு வயது நிரம்பிய ஆப்பிரிக்கர் எந்நேரமும் உடம்போடு வைத்திருக்க வேண்டிய புத்தகம். மக்கள் அதை 'டோம்பாஸ்' என்றார்கள். மடத்தனமான பாஸ் என்று பொருள். அதில் அவருடைய புகைப்படம் இருக்கும். எந்த இனக்குழு, எந்த ஊர், வரி கட்டியாயிற்றா, நகரத்தில் இருக்க அனுமதி உண்டா, யாரிடம் வேலை பார்க்கிறார் எல்லாம் இருக்கும். முதலாளி மாதாமாதம் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் ஒரு மாதம் மறந்துவிட்டால் தண்டனை தொழிலாளிக்கு. நகர்ப்பகுதியில் அனுமதியில்லாமல் 72 மணி நேரத்துக்கு மேல் ஓர் ஆப்பிரிக்கர் தங்கக் கூடாது. அங்கேயே பிறந்து தொடர்ந்து வசிப்பவர், ஒரே முதலாளியிடம் பத்து ஆண்டு உழைத்தவர், பதினைந்து ஆண்டு சட்டப்படி வசித்தவர் ஆகியோருக்கு விலக்கு உண்டு. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு, அந்தப் புத்தகத்தைக் காட்டி.

இந்த முறையைக் கொண்டுவந்த 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் தலைப்பிலேயே 'பாஸ் ஒழிப்பு' என்ற சொல் இருந்தது. பழைய பலவகைச் சீட்டுகளை ஒழித்து ஒரே புத்தகமாக்கினார்களாம், அதனால் அந்தப் பெயர். வீட்டு வாசலில் ரொட்டி வாங்கப் போனவர் கோட்டை மாட்டாமல் போனால் பாஸ் கோட்டுப் பையில் தங்கிவிடும். தெருமுனையில் போலீஸ் வண்டி நிற்கும். இப்படி ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் பிடிபட்டார்கள். பிடிபட்டவர்களில் பலரை வழக்குக்கூட நடத்தாமல் வெள்ளைக்காரர்களின் உருளைக்கிழங்குப் பண்ணைகளுக்குக் கூலிகளாக அனுப்பினார்கள். அங்கே நடந்த கொடுமை வெளியே தெரிந்தபோது, 1959இல் ஆப்பிரிக்கர்கள் உருளைக்கிழங்கு தின்பதையே நிறுத்தினார்கள். ஏழை வீட்டின் அன்றாட உணவு அது. அதை விட்டார்கள் என்றால் அந்தப் புத்தகத்தின் மேல் அவர்களுக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

1950களின் நடுப்பகுதி வரை பெண்களுக்கு இது கிடையாது. அவர்களுக்கும் வருகிறது என்று தெரிந்ததும் 1956 ஆகஸ்ட் 9 அன்று சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் அரசு மாளிகைக்கு மனுக்களைச் சுமந்துகொண்டு போனார்கள். பிரதமர் அவர்களைப் பார்க்கவில்லை. அவர் அறைக்கு வெளியே மனுக்களை அடுக்கிவைத்துவிட்டு, அரை மணி நேரம் பேசாமல் நின்றுவிட்டுத் திரும்பினார்கள். ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் தொடங்கியது 1912இல். அதன் தூதுக்குழுக்கள் 1914இலும் 1919இலும் லண்டன் வரை கப்பலேறிப் போய் முறையிட்டன. ஆக, 1960 பிறக்கும்போது அவர்கள் கேட்கத் தொடங்கி நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த ஜனவரி நல்லபடியாகத் தொடங்கவில்லை. 21ஆம் தேதி கோல்புரூக் நிலக்கரிச் சுரங்கம் இடிந்து விழுந்தது. 435 பேர் உள்ளே மாண்டார்கள், பெரும்பாலும் பசுட்டோலாந்திலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். அவர்கள் உடல்கள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. வெளியே எடுக்கவே முடியவில்லை. மூன்று நாள் கழித்து, டர்பன் நகரையொட்டிய கேட்டோ மேனரில் சாராயச் சோதனைக்குப் போன போலீசார் ஒன்பது பேரைக் கூட்டம் அடித்துக் கொன்றது. அவர்களில் ஐந்து பேர் ஆப்பிரிக்கக் காவலர்கள். இதை நான் மறைக்க விரும்பவில்லை. இரண்டு மாதம் கழித்து வேறோர் ஊரில் துப்பாக்கியோடு நின்ற போலீசார் மனத்தில் கேட்டோ மேனர் இருந்தது என்று அவர்கள் தரப்பில் சொன்னார்கள். இருந்திருக்கலாம். அதனால் அவர்கள் செய்தது நியாயமாகிவிடாது.

பிப்ரவரி 3 அன்று கேப் டவுன் நாடாளுமன்றத்தில் பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்டு மாக்மில்லன் பேசினார். ஆப்பிரிக்கக் கண்டத்தில் மாறுதலின் காற்று வீசுகிறது, அதைக் கணக்கில் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார். அந்த ஓர் ஆண்டில் மட்டும் பதினேழு ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றன, ஆகவே அவர் சொன்னதில் மிகையில்லை. தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஹென்ட்ரிக் வெர்வூர்ட் அங்கேயே எழுந்து பதில் சொன்னார்: நீதி கறுப்பருக்கு மட்டுமல்ல, வெள்ளையருக்கும் வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு கோடியே அறுபது லட்சம் பேர் இருந்த நாட்டில் முப்பது லட்சம் வெள்ளையர் அத்தனை அதிகாரத்தையும் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது சொன்ன சொல் அது.

இப்போது ராபர்ட் சொபுக்வே என்ற மனிதரிடம் வருகிறேன். தமிழில் மண்டேலாவைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். சொபுக்வே பெயர் இங்கே அதிகம் பேர் காதில் விழவில்லை. எனக்கு அது ஒரு குறை. ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க மொழி கற்பித்தவர். நிதானமான பேச்சு, ஆழ்ந்த படிப்பு. 1959 ஏப்ரலில் தேசியக் காங்கிரஸிலிருந்து பிரிந்தவர்கள் தொடங்கிய அனைத்து ஆப்பிரிக்கக் காங்கிரஸுக்கு அவர் தலைவரானார். தேசியக் காங்கிரஸ் 1960 மார்ச் 31 அன்று பாஸ் எதிர்ப்பைத் தொடங்கத் திட்டமிட்டிருந்தது. சொபுக்வேயின் கட்சி பத்து நாள் முந்திக்கொண்டது. அதில் போட்டி மனப்பான்மையும் இருந்தது என்பதே என் கணிப்பு. ஆனால் அவர் வகுத்த முறை மிக எளியது: பாஸை வீட்டில் வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போங்கள், கைது செய்யச் சொல்லுங்கள். ஜாமீன் கேட்காதீர்கள், எதிர்வாதம் செய்யாதீர்கள், அபராதம் கட்டாதீர்கள். சிறைகள் நிரம்பட்டும், வேலைகள் நிற்கட்டும்.

அதற்கு முன்னால் அவர் போலீஸ் கமிஷனருக்கு ஒரு கடிதம் எழுதினார். இது அமைதிப் போராட்டம், உங்கள் ஆட்கள் மக்களைக் கலைந்து போகச் சொல்வதானால் தெளிவாகச் சொல்லுங்கள், கலைவதற்கு நேரம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். இந்தக் கடிதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக வேலையையும் விட்டுவிட்டார். மார்ச் 21 திங்கட்கிழமை காலையில் வீட்டிலிருந்து நடந்தே போய் ஆர்லாண்டோ காவல் நிலையத்தில் தோழர்களோடு நின்று, எங்களிடம் பாஸ் இல்லை என்றார். ஆர்லாண்டோவில் வந்த கூட்டம் சிறியதுதான். பெரிய கூட்டம் வேறோர் இடத்தில் சேர்ந்தது.

வெரீனிகிங் என்பது வால் ஆற்றங்கரையில் நிலக்கரி எடுத்து இரும்பு உருக்கும் தொழில் நகரம். அதற்கு ஒரு பழைய பெருமை உண்டு. ஆங்கிலேயருக்கும் டச்சு வழிவந்த போயர்களுக்கும் நடந்த போரை முடித்த 1902ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு அந்த ஊரின் பெயர்தான். அந்த உடன்படிக்கையின் எட்டாவது விதி, கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை தருவதா என்பதைத் தன்னாட்சி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தது. தன்னாட்சி வந்தது, 1910இல் ஒன்றியம் அமைந்தது. தள்ளிவைத்தது தள்ளிவைத்தபடியே கிடந்தது. சண்டையிட்டு ஓய்ந்த இரண்டு வெள்ளைத் தரப்புகள் கைகுலுக்கிக்கொள்வதற்காக, மூன்றாவது தரப்பின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டார்கள். 58 ஆண்டு கழித்து அந்தக் கேள்வி அதே ஊரின் எல்லையில் வந்து நின்றது.

வெரீனிகிங் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஆப்பிரிக்கர் குடியிருப்பை அகற்றி, அங்கிருந்தவர்களைத் தள்ளிக் கொண்டுபோய் வைத்த இடம் ஷார்ப்வில். நகர மேயராயிருந்த ஷார்ப் என்பவர் பெயர் அதற்கு. மாதிரிக் குடியிருப்பு என்று அதிகாரிகள் பெருமையாகக் காட்டுவார்கள். வாடகை அதிகம், இளைஞர்களுக்கு வேலை இல்லை. மார்ச் 21 காலையில் ஆயிரக்கணக்கான மக்கள் அங்கிருந்த காவல் நிலையத்தின் வேலியைச் சுற்றி நின்றார்கள். 20,000 பேர் என்று போலீஸ் சொன்னது. ஐயாயிரம் முதல் ஏழாயிரம் வரை இருக்கலாம் என்பது மற்றவர்கள் கணக்கு. பலர் குழந்தைகளோடு வந்திருந்தார்கள். போர் விமானங்கள் தாழப் பறந்தன. பக்கத்து ஊர்களில் அந்தச் சத்தத்துக்கு மிரண்டு கூட்டம் கலைந்துவிட்டது. ஷார்ப்வில்லில் கலையவில்லை. கவச வண்டிகள் வந்தன, போலீஸ் எண்ணிக்கை முந்நூறை நெருங்கியது.

அவர்கள் எதற்காக அவ்வளவு நேரம் நின்றார்கள்? உயிரோடு தப்பியவர்கள் பலர் பின்னால் சொன்ன சாட்சியம் ஒன்று இருக்கிறது. பிற்பகலில் ஒரு பெரிய அதிகாரி வருவார், பாஸ் விஷயமாக உங்களோடு பேசுவார் என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. அவர்கள் பதிலுக்காக நின்றார்கள். இந்த ஒரு செய்திதான் என்னைப் பல ஆண்டுகளாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. தாக்க வந்த கூட்டம் என்று அரசு சொன்னதே, அந்தக் கூட்டம் ஓர் அதிகாரியின் பேச்சைக் கேட்கக் காத்திருந்தது.

பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில் வேலியோரம் ஒரு தள்ளுமுள்ளு ஏற்பட்டது. துப்பாக்கிகள் வெடித்தன. கலைந்து போகச் சொல்லி உத்தரவு எதுவும் கொடுக்கப்படவில்லை. சொபுக்வே கடிதத்தில் கேட்டிருந்தது அதைத்தான். மக்கள் திரும்பி ஓடினார்கள், ஓடும்போதும் சுட்டார்கள். 69 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள் என்பது அன்றைய கணக்கு. இறந்தவர்களில் எட்டுப் பேர் பெண்கள், பத்துப் பேர் குழந்தைகள். பெரும்பாலானவர்களுக்குக் குண்டு முதுகுப்பக்கமாகப் பாய்ந்திருந்தது. பழைய ஆவணங்களைத் துருவிய ஆய்வாளர்கள், இறந்தவர்கள் 91 பேருக்குக் குறையாது என்று அண்மையில் காட்டியிருக்கிறார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நாம் ஒரு தவறான எண்ணைச் சொல்லி அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தோம்.

அன்று அங்கே 'டிரம்' பத்திரிகையின் புகைப்படக்காரர் இயன் பெர்ரி இருந்தார். தன்னை நோக்கி ஓடிவருகிறவர்களை அவர் எடுத்த படங்கள் இல்லையென்றால், கூட்டம் தாக்கவில்லை, ஓடியது என்று நிறுவுவதே கடினமாகியிருக்கும். ஜோகன்னஸ்பர்க் பிஷப் ஆம்புரோஸ் ரீவ்ஸ் காயம்பட்டவர்களிடம் வாக்குமூலம் திரட்டிப் புத்தகமாக வெளியிட்டார். அந்த செப்டம்பரிலேயே அவரை நாடு கடத்தினார்கள். காயம்பட்டவர்களில் பலர் மருத்துவமனைக் கட்டிலிலேயே போலீஸ் காவலில் வைக்கப்பட்டார்கள். சுட்டவர்களில் ஒருவர்மீதும் வழக்கு இல்லை. அடுத்த ஆண்டு, அவர்கள்மீது நஷ்டஈடு கேட்டுக்கூட யாரும் நீதிமன்றம் போக முடியாதபடி முன்தேதியிட்டு ஒரு சட்டம் இயற்றினார்கள்.

ஷார்ப்வில் பற்றி உலகம் அறியும். அதற்குப் பிந்தைய பத்து நாட்களைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அந்த ஆண்டின் உயிர்நாடி அங்கேதான் என்று நினைக்கிறேன்.

மார்ச் 26 அன்று போலீஸ் கமிஷனர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: பாஸ் இல்லாதவர்களைக் கைது செய்வது தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படுகிறது. அரை நூற்றாண்டு மனுக்கள் பெற்றுத் தராத ஒன்று அந்த ஒரு வாரத்தில் நடந்தது. தெருவில் நடந்த ஓர் ஆப்பிரிக்கர் தன் சொந்த நாட்டில் முதன்முறையாகக் கையை வீசி நடக்க முடிந்தது. அதே நாள், தேசியக் காங்கிரஸின் தலைவர் ஆல்பர்ட் லுதுலி பிரிட்டோரியாவில் தன் பாஸைக் கொளுத்தினார். இயக்கத்தவர்மீது நடந்த தேசத்துரோக வழக்கில் சாட்சி சொல்ல வந்து அங்கே தங்கியிருந்தவர் அவர். இரண்டு நாள் கழித்து, அவர் அறிவித்த துக்க நாளன்று ஆர்லாண்டோவில் மண்டேலா தன் பாஸைக் கொளுத்தினார். ஆயிரக்கணக்கானவர்கள் கொளுத்தினார்கள்.

அந்த நெருப்புக்கு ஒரு முன்கதை உண்டு, அதில் நம்மவர்களும் இருக்கிறார்கள். 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதித் திடலில் காந்தியின் தலைமையில் 2,000க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பதிவுச் சான்றிதழ்கள் ஒரு கொப்பரையில் போட்டு எரிக்கப்பட்டன. அந்தப் போராட்டத்தில் காந்திக்கு வலக்கையாக இருந்தவர் தம்பி நாயுடு. மொரீஷியஸில் பிறந்தவர், ஜோகன்னஸ்பர்க் தமிழர்களின் தலைவர். திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனவர். அவர் குடும்பத்தை இன்னொரு முறை குறிப்பிடுவேன்.

மார்ச் 30. கேப் டவுன். விடியற்காலையில் லாங்கா குடியிருப்பில் புகுந்து போலீசார் வீடு வீடாக அடித்தார்கள், தலைவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். லாங்காவிலிருந்தும் நியாங்காவிலிருந்தும் மக்கள் நகரத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். 30,000 பேர். முன்னால் நடந்தவர் பிலிப் கொசானா, இருபத்து மூன்று வயதுப் பல்கலைக்கழக மாணவர், அரைக்கால் சட்டை அணிந்த பையன். மலைச்சரிவை ஒட்டிய டி வால் சாலை வழியாக வந்த அந்தக் கூட்டத்தில் கூச்சல் இல்லை, கல் இல்லை. நாடாளுமன்றம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. கவச வண்டிகள் தயாராக நின்றன. பலத்தைப் பயன்படுத்தச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. அதைப் பெற்ற அதிகாரி கர்னல் டெர்ப்ளான்ஷ்.

அவர் சுடவில்லை. துப்பாக்கியை நீட்டச் சொல்லாமல், கொசானாவை அழைத்துப் பேசினார். கைதான தலைவர்களை விடுங்கள், நீதித் துறை அமைச்சரை நாங்கள் பார்க்க வேண்டும் என்றார் கொசானா. அமைச்சரைச் சந்திக்க மாலையில் ஏற்பாடு செய்வதாக கர்னல் வாக்குக் கொடுத்தார். போலீசாரின் ஒலிபெருக்கியையே வாங்கி அந்த மாணவர் கூட்டத்தைத் திரும்பிப் போகச் சொன்னார். முப்பதாயிரம் பேரும் திரும்பினார்கள்.

ஒன்பது நாள் இடைவெளியில் இரண்டு கூட்டம், இரண்டு ஊர். இரண்டு இடத்திலும் மக்கள் ஒருவரைச் சந்திக்கத்தான் கேட்டார்கள். ஓரிடத்தில் பிணங்கள் விழுந்தன, மற்றோரிடத்தில் ஒரு பூந்தொட்டிகூட உடையவில்லை. நடுவில் நின்றது ஓர் அதிகாரியின் மனம். டெர்ப்ளான்ஷ் சீர்திருத்தவாதி அல்ல. அந்த அரசின் காவல் துறையில் தலைமுடி நரைத்த ஆஃப்ரிகானர், போயர்களின் வழிவந்தவர். இருந்தும் அவர் ஒரு சிறுவனைத் தனக்குச் சமமாக நிறுத்திப் பேசினார். அதற்காக அவருக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டது.

மாலையில் சொன்ன நேரத்துக்குக் கொசானா அமைச்சரைப் பார்க்க வந்தார். வந்தவரைக் கைது செய்தார்கள்.

இந்தக் கைது ஷார்ப்வில் துப்பாக்கிச் சூட்டைவிடப் பெரிய அழிவைச் செய்தது என்று நான் நினைக்கிறேன். இறந்தவர் எண்ணிக்கையை வைத்து இதைச் சொல்லவில்லை. ஷார்ப்வில்லில் யாரோ சிலர் பதறிச் சுட்டார்கள் என்று ஓர் அரசு கைகழுவிக்கொள்ளலாம். கேப் டவுனில் பதற்றம் எதுவும் இல்லை. நிதானமாக உட்கார்ந்து யோசித்து, கொடுத்த வாக்கை உடைத்தார்கள். இவர்களோடு பேசுவது, பேசியபடி நடப்பது, கூட்டத்தைத் திருப்பி அனுப்புவது எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு போய்க் கழுத்தை நீட்டுவதுதான் என்று ஒரு தலைமுறை இளைஞர்கள் அன்று மாலை கற்றுக்கொண்டார்கள்.

அதன் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. அதே மார்ச் 30இல் நெருக்கடி நிலை. ஆகஸ்ட் இறுதி வரை நீடித்த அதில் ஏறத்தாழ 18,000 பேர் பிடிக்கப்பட்டார்கள். எல்லா நிறத்தவரும் இருந்தார்கள், நேட்டால் இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். ஏப்ரல் முதல் வாரத்திலேயே பாஸ் சட்டம் திரும்ப வந்துவிட்டது. கொளுத்தியவர்கள் புதிய புத்தகத்துக்காக வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. வேலை வேண்டுமே, பிள்ளைகள் சாப்பிட வேண்டுமே. ஏப்ரல் 8 அன்று தேசியக் காங்கிரஸும் சொபுக்வேயின் கட்சியும் தடை செய்யப்பட்டன. தேசியக் காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான ஆலிவர் டாம்போ முன்கூட்டியே எல்லை தாண்டி அனுப்பப்பட்டிருந்தார். அவர் தாய்மண்ணுக்குத் திரும்பியது 1990 டிசம்பரில்.

தடை வந்த மறுநாள் ஜோகன்னஸ்பர்க் பொருட்காட்சியில் பிரதமர் வெர்வூர்ட்டை ஒரு வெள்ளைப் பண்ணையார் முகத்தில் இரண்டு முறை சுட்டார். வெர்வூர்ட் பிழைத்துக்கொண்டார். அவர் படுக்கையில் இருந்தபோது, அவர் இடத்தைக் கவனித்த மூத்த அமைச்சர் பால் சாவர் பொதுக்கூட்டத்தில் ஒரு பேச்சுப் பேசினார். தென்னாப்பிரிக்க வரலாற்றின் பழைய புத்தகம் ஷார்ப்வில்லோடு மூடிவிட்டது, பாஸ் முறை உட்படப் பலவற்றைத் திருத்த வேண்டும் என்றார். கட்சியின் உள்ளிருந்தே வந்த குரல் அது. கதவு ஒரு விரற்கடை திறந்தது. வெர்வூர்ட் மருத்துவமனையிலிருந்தே செய்தி அனுப்பி அதை மூடினார்: எதுவும் மாறாது. தான் பிழைத்ததே கடவுள் தன் வழியை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம் என்று அவரும் அவர் மக்களில் பலரும் நம்பினார்கள்.

வெளியே உலகம் கொந்தளித்தது. ஏப்ரல் 1 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை முதன்முறையாகத் தென்னாப்பிரிக்காவைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. ஒன்பது நாடுகள் ஆதரித்தன, பிரிட்டனும் பிரான்சும் வாக்களிக்கவில்லை. மாறுதலின் காற்றைப் பற்றிப் பேசியவரின் நாடு பிரிட்டன். 1946இலேயே வணிக உறவை முறித்து, தென்னாப்பிரிக்காவின் இனப் பாகுபாட்டை ஐ.நா.வுக்குக் கொண்டுபோன நாடு இந்தியா என்பதை இங்கே சொல்லிக்கொள்ளலாம். முதலீட்டாளர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள், பங்குச்சந்தை சரிந்தது. சில மாதம்தான். பிறகு திரும்பி வந்தார்கள்.

கிராமப்புறமும் கொதித்தது. பொண்டோலாந்தில், அரசு திணித்த தலைவர்களை ஏற்க மறுத்து மலைமேல் கூடிப் பேசிக்கொண்டிருந்த மக்கள்மீது ஜூன் 6 அன்று போலீசார் சுட்டதில் பதினொரு பேர் இறந்தார்கள். அக்டோபர் 5 அன்று, பிரிட்டிஷ் அரசியை விட்டுவிட்டுக் குடியரசாவதா என்று வாக்கெடுப்பு. வெள்ளையருக்கு மட்டும் வாக்கு. 8,50,000 பேர் ஆம் என்றார்கள், 7,75,000 பேர் இல்லை என்றார்கள். நூற்றுக்கு ஐம்பத்திரண்டு. நாட்டின் எதிர்காலத்தை மாற்றிய அந்த வாக்கெடுப்பில் ஐந்தில் நான்கு பங்கு மக்கள் வேடிக்கை பார்த்தார்கள். குடியரசு பிறந்த நாளாக 1961 மே 31ஐத் தேர்ந்தார்கள். 1902 உடன்படிக்கை கையெழுத்தானதும் மே 31தான், 1910இல் ஒன்றியம் பிறந்ததும் மே 31தான். மூன்று மே 31களிலும் கேட்கப்படாதவர்கள் ஒரே ஆட்கள்.

1960 நவம்பரைச் சொல்லாமல் தமிழ்ச் சபையில் பேச்சை முடிக்க முடியாது. 1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16 அன்று 342 கூலித் தொழிலாளர்களோடு டர்பனில் கரைசேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள். ஆக 1960 நவம்பரில் அவர்கள் அந்த மண்ணுக்கு வந்து நூறு ஆண்டு நிறைந்தது. அப்போது அங்கே இந்தியர்கள் ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, அதில் தமிழர்கள் பெரும்பங்கு. நூறாண்டு முடிந்தும் அரசின் கண்ணில் அவர்கள் அந்நியர்கள். எப்போதாவது திருப்பி அனுப்ப வேண்டியவர்கள். அவர்களிடம் டோம்பாஸ் இல்லை, ஆனால் மாகாணம் விட்டு மாகாணம் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டில் அவர்கள் குடியிருக்கவே கூடாது. இந்தியர்கள் அந்நாட்டின் நிலையான மக்கள் என்று அரசு ஏற்றுக்கொண்டது 1961இல்தான். அதையும் அவர்களுக்கென்று தனி இலாகா, டர்பன் துறைமுகத் தீவில் தனிக் கல்லூரி என்று பிரித்து வைத்து ஏற்றுக்கொண்டது. நான் முன்பு சொன்ன கேட்டோ மேனரில் நம்மவர்கள் காய்கறி பயிரிட்டார்கள், அம்பலவாணர் ஆலயம் கட்டினார்கள். நிறவாரிக் குடியிருப்புச் சட்டம் அவர்களையும் ஆப்பிரிக்கர்களையும் அங்கிருந்து பெயர்த்துப் போட்டது. கோயில் மட்டும் அங்கேயே நின்றது.

தம்பி நாயுடு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 1960 டிசம்பர் முடிந்தபோது, இனி எப்படிக் கேட்பது என்ற கேள்வி எல்லா இயக்கங்களுக்குள்ளும் எரிந்துகொண்டிருந்தது. 1961 டிசம்பரில் ஆல்பர்ட் லுதுலி ஓஸ்லோ போய் 1960ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசைப் பெற்றுக்கொண்டார், ஊருக்கு வெளியே போக அரசிடம் அனுமதி வாங்கிக்கொண்டு. அதே வாரத்தில், டிசம்பர் 16 அன்று மண்டேலா முன்னின்று அமைத்த ஆயுதப் படையின் முதல் குண்டுகள் வெடித்தன. அந்தப் படையில் சேர்ந்து, 1963இல் ரயில்வே அமைப்பொன்றைத் தகர்க்கப் போய்ப் பிடிபட்டு, ராபன் தீவுச் சிறையில் பத்து ஆண்டு கிடந்தவர் இந்திரஸ் நாயுடு. தம்பி நாயுடுவின் பேரன். தாத்தா சத்தியாக்கிரகி, பேரன் வெடிமருந்து சுமந்தவன். நடுவில் இருப்பது 1960. அந்தப் பேரனைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. கேட்டுப் பார்த்த தாத்தாவுக்கு என்ன கிடைத்தது என்று அவனுக்குத் தெரியும்.

சொபுக்வேக்கு மூன்று ஆண்டு தண்டனை. அது முடிந்த 1963இல், விடுதலை நாள் வருமுன் நாடாளுமன்றம் அவர் ஒருவரை மனத்தில் வைத்தே ஒரு சட்டப் பிரிவு கொண்டுவந்தது. தண்டனை முடிந்த பிறகும் காவலில் வைத்திருக்கலாம் என்று. ராபன் தீவில் தனி வீடு ஒன்றில் தன்னந்தனியாக ஆறு ஆண்டு வைத்தார்கள். மற்றக் கைதிகளோடு ஒரு சொல் பேசக் கூடாது. வேலைக்குப் போகும் கைதிகள் அந்த வழியாக நடந்தால் அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரலிடுக்கில் வழியவிடுவாராம். நாம் இந்த மண்ணின் பிள்ளைகள் என்பதற்கு அடையாளமாக. மொழி கற்பித்த ஆசிரியர் அவர். 1969இல் கிம்பர்லி நகரத்தில் கொண்டுபோய் விட்டு வீட்டுக்காவலில் வைத்தார்கள். 1978இல் இறந்தார். பாஸ் சட்டம் 1986இல் ஒழிந்தது, அவர் இல்லாதபோது.

கொசானா ஜாமீனில் வந்த பிறகு நாட்டை விட்டுத் தப்பினார், பல ஆண்டுகள் கழித்துத் திரும்பினார். இன்று டி வால் சாலைக்கு அவர் பெயர். ஷார்ப்வில்லில் 1996 டிசம்பர் 10 அன்று மண்டேலா புதிய அரசியல் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்த மார்ச் திங்கட்கிழமை சுடப்பட்டவர்கள் அடக்கமான இடுகாடும் அங்கே இருக்கிறது. கல்லறைகள் வரிசை வரிசையாக, ஒரே தேதியோடு. அந்த இடுகாட்டின் பெயர் பெலிண்டாபா. இண்டாபா என்றால் ஜூலு மொழியில் பேச்சு, ஊர் கூடிப் பேசும் பேச்சு. பெலிண்டாபா என்றால், பேச்சு முடிந்தது.